தூண் இறங்கிய ஆழம்

ஐப்பசி 1, வெள்ளி

இன்றிலிருந்து டைரி எழுதுவதென்று முடிவு. சரித்திரத்தில் இடம்பிடிக்கப் போகிறவன் தன் கைப்பட நாலு வரி எழுதி வைக்காவிட்டால், பின்னால் வருகிறவன் கண்டபடி எழுதிவிடுவான்.

விஷயம் இதுதான். என் தங்கை மகள் நிறைமதி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினவள். ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் வெள்ளத்துக்குப் புது விதிமுறை போடப் போகிறார்களாம். எந்த ஊரில் எதுவரைக்கும் தண்ணீர் ஏறும், ஜனங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது இப்போதிருக்கும் இன்ஜினியர்களுக்குப் பிடிபடவில்லை. மேலே அணை கட்டிய பிறகு அவர்கள் யாரும் ஆற்றில் பெரிய தண்ணீரைப் பார்த்ததே இல்லை. அதனால் பழைய வெள்ளங்களை ஆராய்ந்து சொல்ல ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழுவில் எங்கள் மதி. எங்கள் ஊர் சேந்தங்கரையில் மதிக்குத் துணை யார்? தில்லைநாயகம். நான்தான்.

நான் படித்தது ஒன்பதாவது. அந்தக் காலத்து ஒன்பதாவது இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம் என்று ஹெட்மாஸ்டரே சொல்லியிருக்கிறார். எந்த ஹெட்மாஸ்டர் என்று என் மனைவி பாக்கியம் கேட்கிறாள். அவளுக்கு இதே வேலை.

காலையில் மதியைக் கோயில் முன்மண்டபத்துக்கு அழைத்துப்போய்த் தூணைக் காட்டினேன். என் தாத்தா காலத்துப் பெருவெள்ளத்தில் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்துக்கு உளியால் செதுக்கிய கோடு அதில் இருக்கிறது. செதுக்கியது என் தாத்தா. சினைப்பசு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, மறு கையால் நீந்தி வந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி செதுக்கினார். வெள்ளைக்கார கலெக்டர் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். மதி எல்லாவற்றையும் மிஷினில் பதிவு செய்துகொண்டாள். போன வருஷம் கன்றுக்குட்டி என்றுதானே சொன்னீர்கள் என்றாள் பாக்கியம். கன்றுக்குட்டி பசுவின் வயிற்றுக்குள் இருந்தது என்றேன்.

தூண் பழைய இடத்திலேயேதான் இருக்கிறதா, அசைக்கவே இல்லையா என்று மதி மூன்று விதமாகக் கேட்டாள். ராஜா காலத்திலிருந்து கடுகளவும் அசையவில்லை என்று அடித்துச் சொன்னேன். இதன் அடிப்பீடம் எங்கே மாமா என்றாள். இந்தத் தூணுக்கு இருக்கிற கனத்துக்குப் பீடமே தேவையில்லை என்று வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றேன். படித்த பெண், குறித்துக்கொண்டாள்.

ஐப்பசி 3, ஞாயிறு

மதி அளந்து முடித்துவிட்டாள். முக்காலியில் ஒரு கருவி, கையில் கோடு போட்ட கட்டை. கோடு மண்டபத் தரையிலிருந்து என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதாவது அவ்வளவு பெரிய வெள்ளத்திலேயே தண்ணீர் அங்கே முழங்கால் அளவுதான்.

இதனால் ஊருக்கு எவ்வளவு பெரிய நன்மை என்பதை எழுதி வைக்கிறேன். மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்தால் ஆற்றோரத்துப் படுகைத் தெரு ஜனங்களை லாரியில் ஏற்றிப் பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கக்கூஸ் கிடையாது. ஆடு மாடு கூடாது. திரும்பி வந்தால் வீட்டில் பாதிச் சாமான் இருக்காது. படுகைத் தெருப் பெண்கள் பாறைமேடு என்றாலே மண்ணை வாரித் தூற்றுவார்கள். இப்போது தெருமுனையிலேயே புதுச் சமுதாயக் கூடம் கட்டியிருக்கிறார்கள். அதன் தரை, மதி அளந்தபடி, தூண் கோட்டின் மட்டத்தைவிட ஒரு சாண் உயரம். ஆகவே இனி வெள்ளம் வந்தால் கூடத்திலேயே தங்கிக்கொள்ளலாம் என்று அவள் அறிக்கை சொல்லப் போகிறது.

ஆற்றின் மேலே இரண்டு ஊர்களில் கிழவர்கள் இன்னும் நிறையத் தண்ணீர் வந்ததாகச் சொன்னார்களாம். வாய்ப்பேச்சு கூடும் குறையும், கல்லில் இருக்கிற கோடு கூடாது குறையாது என்றாள் மதி. எப்படிப்பட்ட வார்த்தை!

ஐப்பசி 5, செவ்வாய்

ரேஷனில் பாமாயில் வரவில்லை. குடைக்குக் கம்பி மாற்றினேன்.

டீக்கடையில் மருதை இருந்தான். மருதமுத்து. படுகைத் தெருக்காரன். ஆற்றில் மணல் காவலுக்கு நின்றவன், இப்போது நாலு ஆடு வைத்திருக்கிறான். இந்த ஊரில் நான் பேச ஆரம்பித்தால் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். மருதைக்கு மட்டும் வராது. அவன் டீ ஆறுகிற வரைக்கும் கேட்பான். என்னைவிட இருபது வயது இளையவன், எனக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த கடைசி ஆள்.

தூணைப் பற்றி மதி கேட்டதைச் சொன்னேன். பேச்சுவாக்கில் என் திருப்பணிக் காலத்தையும் சொன்னேன். அப்போது நான் கமிட்டிச் செயலாளர். பழைய மண்டபம் இடிந்து இந்த ஒரு தூண்தான் மிச்சம். அதன் மேல் ஏழெட்டு பூச்சுச் சுண்ணாம்பு. சுரண்டச் சொன்னவன் நான், கோட்டைக் கண்டவன் நான். கண்ட்ராக்டர் போட்ட காங்கிரீட் கூரைக்குத் தூண் உயரம் அதிகம். தலையை அறுத்துவிடலாம் என்றான் அவன். பழைய கல்லை அறுப்பது பாவம் என்று ஸ்தபதி கையைப் பிசைந்தார். அறுக்கவும் வேண்டாம், கூரையை ஏற்றவும் வேண்டாம், குழி தோண்டி உள்ளே இறக்கு என்றேன். என் இடுப்பளவு ஆழம். பீடத்தோடு இறக்கிச் சுற்றிலும் கல்லும் சிமெண்டும் கொட்டித் தரையை மூடினோம். வேலை முழுக்கக் கீற்றுத் தட்டிக்கு உள்ளே நடந்ததால் ஊருக்கே தெரியாது. கும்பாபிஷேகத்தன்று தட்டியைப் பிரித்தபோது தூண் கூரைக்கு அளவெடுத்தது மாதிரி நின்றது. ஸ்தபதி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஜினியரிங் படிக்காமல் போயிற்றே என்று அழுதார். நான் படிக்காமல் போனதற்கு.

அப்படியென்றால் தூண் அசைந்ததுதானே அண்ணே என்று மருதை கேட்டான். அசைவது வேறு, இறங்குவது வேறு என்றேன். ஒத்துக்கொண்டான்.

ஐப்பசி 8, வெள்ளி

கோயில் வாசலில் கூட்டம். சப்-கலெக்டர், தாசில்தார் எல்லாரும் வந்தார்கள். மதி படம் போட்டு விளக்கினாள். சப்-கலெக்டர் கூடத்தை வெள்ளப் புகலிடமாக அறிவித்தபோது படுகைத் தெருப் பெண்கள் கைதட்டியது ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும்.

மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். கேட்டு வாங்கினேன் என்று பாக்கியம் சொல்வது பொய். தாத்தாவின் கதையைச் சொன்னேன். இந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு வந்தால் என் மீசையை எடுக்கிறேன் என்று முடித்தேன். தாசில்தார் என் தோளில் தட்டினார். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் மதிக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் என்று தங்கை போனில் அழுதாள். சந்தோஷத்தில்.

மதி சாயங்கால பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவளுக்கு ஆபீஸ்.

ஐப்பசி 12, செவ்வாய்

விடாத தூறல். மத்தியானம் சாப்பிடும்போது தாத்தா கழுத்தளவு தண்ணீரில் நின்றதை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே பாக்கியம் கேட்டாள்:

"கழுத்தளவு தண்ணியில நின்னாருங்கிறீங்க. கோடு உங்க முழங்காலுக்குத்தான் இருக்கு. உங்க தாத்தா என்ன, உக்காந்துகிட்டா செதுக்கினாரு?"

நன்றாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சாதம் அப்படியே இருக்க எழுந்து கை கழுவினேன். பசி இல்லை.

ஐப்பசி 13, புதன்

எழுத ஒன்றும் இல்லை. மழை.

ஐப்பசி 14, வியாழன்

தீபாவளி. வெடி எல்லாம் நமுத்துப் போயிற்று. பாக்கியம் அதிரசம் சுட்டாள். நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மண்டபத்துக்குப் போய்த் தூண் பக்கத்தில் நின்றேன். கோட்டுக்கு மேலே, தூணை இறக்கிய என் இடுப்பளவைக் கையால் வைத்துப் பார்த்தேன். என் கழுத்துக்கு வந்தது. தாத்தாவும் என் உயரம் என்று அப்பா சொல்வார்.

நான் எத்தனையோ கூட்டிச் சொல்லியிருக்கிறேன். பசு, தொப்பி, நீச்சல் எல்லாம் நான் போட்ட மசாலா. கழுத்தளவு மட்டும் அப்பா சொன்னது.

அங்கிருந்து படுகைத் தெருவைப் பார்த்தேன். கூடத்து வாசலில் பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தன.

ஐப்பசி 15, வெள்ளி

மதிக்குப் போன் செய்தேன். தீபாவளி விசேஷமெல்லாம் பேசிவிட்டு, தூண் என்றால் வயதாக ஆகக் கொஞ்சம் தன் பாரத்திலேயே அமுங்கும் இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"மாமா, தூணை யாராவது எடுத்து நட்டாங்களா?"

சொல்லிவிடத்தான் போன் செய்தேன். பின்னால் ஆபீஸில் யாரோ, உங்க மாமாவா, மீசை மாமாவா என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. சே சே, உலகமே அசைந்தாலும் அது அசையாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மழை வலுத்திருக்கிறது. அணையில் தண்ணீர் வேகமாக ஏறுகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள். அது அணை. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஐப்பசி 17, ஞாயிறு

யோசனைக்கு எனக்குக் குறைச்சலா? ஜனங்கள் கூடத்துக்குள் போகக்கூடாது, அவ்வளவுதானே. தூணை எதற்கு இழுக்க வேண்டும்.

காலையில் அம்மன் கனவில் வந்து கூடத்தில் கால் வைக்காதே என்று சொன்னதாகப் படுகைத் தெருவில் சொன்னேன். ஆரவல்லி என்று ஒருத்தி, வாயாடி, அம்மன் எங்க தெருக்காரி, எங்ககிட்ட சொல்லாம உங்க கனவுல எதுக்கு வரா என்றாள். பிறகு சிமெண்டில் கலப்படம், சுவர் நிற்காது என்றேன். போன மாசம் ஆற்றில் புலி வந்தது என்றீர்களே, அது எங்கே என்று கேட்டார்கள். கடைசியாக, கூடத்துக்குள் கருநாகம் முட்டையிட்டிருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

இதை ஒருவன் நம்பினான். மருதை. கம்பும் அரிவாளும் எடுத்துப்போய்க் கூடத்தைச் சுற்றிப் புதரெல்லாம் வெட்டி, உள்ளே கூட்டித் துடைத்து, மூலை மூலையாக மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டான். இனி பச்சைக் குழந்தையைக்கூடப் படுக்க வைக்கலாம் அண்ணே, நீங்க சொன்னதாலதான் என்றான்.

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

ஐப்பசி 19, செவ்வாய்

காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போகிறார்கள். அணை நிரம்பிவிட்டது, நாளை இரவுக்குள் பெருந்தண்ணீர் வரும், படுகைத் தெருவினர் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடவும். ஜனங்கள் பாய், அடுப்பு, டி.வி. எல்லாம் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போகிறார்கள்.

தாலுகா ஆபீஸுக்கு ஓடினேன். ஐயா, அந்தத் தூண் என் இடுப்பளவு மண்ணுக்குள் இருக்கிறது, கோடு பொய்யான உயரத்தில் நிற்கிறது, நான்தான் இறக்கினேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, தாசில்தார் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அன்றைக்கு மைக்கில் ராஜா காலத்திலிருந்து அசையவில்லை என்று சொன்னது யார் பெரியவரே என்றார். அம்மன் கனவும் கருநாகமும் அவர் காது வரைக்கும் வந்திருந்தன. யாரோ டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

வெளியே மழையில் நின்று மதிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கீற்றுத் தட்டி, பீடம், சிமெண்ட், எல்லாம்.  

"மாமா, இது நிஜமா?"

"நிஜம்டா."

"அன்னிக்கும் நிஜம்னுதான் சொன்னீங்க. வெள்ளிக்கிழமை போன்லயும் சொன்னீங்க."

நான் அழுதுவிட்டேன். அதையும் அவள் நம்பினாளா தெரியாது. நான் சொன்னேன் என்று அவள் சப்-கலெக்டரிடம் போய் நிற்க முடியாதாம். ராத்திரிக்குள் உத்தரவை மாற்ற வேண்டுமானால் அவருக்குப் பேச்சு போதாது, அளவு வேண்டும் என்றாள். காலையில் முதல் வண்டியில் வருவதாகச் சொன்னாள். குரல் வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஐப்பசி 20, புதன்

கையெல்லாம் கொப்புளம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மதி வந்து அளக்க வேண்டுமானால் அளக்கப் பீடம் கண்ணில் தெரிய வேண்டும். தூண் ஓரமாகத் தரையை உடைத்தேன். நான் போட்ட சிமெண்ட். எவ்வளவு கெட்டியாகப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

குருக்கள் ஓடிவந்து கத்தினார். ஊர் கூடிவிட்டது. தில்லைக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். இவர் புதையல் கதை ஒன்று பாக்கி வைத்திருந்தார், அதுதான் என்றான் ஒருவன். போலீஸ்காரர் ஒருவர் வந்து கடப்பாறையைப் பிடித்தார். நான் விடவில்லை. அவர் இழுக்க நான் இழுக்க இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாக்கியம் வந்தாள். கையில் மண்வெட்டியும் இரும்புச் சட்டியும். கோயிலுக்குள் வந்து அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"அவரு பொய் சொல்றதை நாப்பது வருஷமா கேக்கிறவ நான். இது பொய்யில்ல. தள்ளு. நீங்க குத்துங்க, மண்ணை நான் அள்றேன்."

போலீஸ்காரர் தள்ளி நின்றார். நான் குத்தினேன், அவள் அள்ளினாள். என் தொடை ஆழத்தில் முதலில் ஒரு யானைத் துதிக்கை வந்தது. பிறகு யானை. பிறகு யானை வரிசை. மண்ணுக்குள் வைப்பதற்காக யாரும் யானை செதுக்குவதில்லை என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது.  குருக்களே இறங்கிக் கையால் சேற்றை வழித்தார்.

மதி பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முழுக்க நனைந்திருந்தாள்.  குழிக்குள் குதித்தாள், பீடத்தின் அடியிலிருந்து கோடு வரை டேப்பைப் பிடித்தாள். என்னை உள்ளே இறங்கி நிற்கச் சொன்னாள். பீடம் உட்கார்ந்த மட்டத்தில் நின்றேன். கோடு என் கழுத்துக்கு நேராக இருந்தது. அவள் அதைப் படம் எடுத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தாள்.

பிறகு சப்-கலெக்டருக்குப் போன் செய்து, என் அறிக்கை தப்பு சார், கூடத்துக்குள்ள இடுப்பளவுக்குத் தண்ணி வரும், இழுப்புல சுவர் நிக்காது, உடனே காலி பண்ணணும் என்றாள். அவர் என்னவோ கேட்டார். ஆமா சார், என் தப்புதான் என்றாள்.

மத்தியானம் லாரிகள் வந்தன. படுகைத் தெரு எங்களைத் திட்டிய திட்டு ஏழு தலைமுறைக்குக் காணும். ஆரவல்லி என் மேல் சாணியை எறிந்தாள். எறிந்துவிட்டு லாரியில் ஏறினாள். ஏறினாளே, அது போதும்.

மருதை ஏறவில்லை. கூடத்தின் மேடைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஆடு கட்டியிருந்தது. வாசல் படியில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உள்ளே போய் எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னேன். அவன் எப்போதும் போல முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, நீங்க சொன்னதிலேயே இது ஒண்ணுதான் கேக்க நல்லால்ல. அதிகாரிங்க உங்களை மிரட்டிச் சொல்ல வச்சிருக்கானுவ. அந்தக் கோட்டுக்கு மேல ஒரு சொட்டு வராதுன்னு மைக்குல சொன்னவர் நீங்க. நான் அந்த தில்லை அண்ணனை நம்புறேன்."

கையைப் பிடித்து இழுத்தேன். காலில் விழுந்தேன். கடைசி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து அவனை ஏற்றப் பார்த்தார். மருதை உதறிவிட்டுக் கூடத்தின் பின்னறைக்குள் ஓடிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியில் போட்டார்கள்.

பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். மருதை மனைவி முனியம்மா சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். 

ஐப்பசி 21, வியாழன்

தண்ணீர்.

ஐப்பசி 22, வெள்ளி

இங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே கூடத்தின் கூரை மட்டும் தெரிகிறது. மேற்குப் பக்கம் கூரை சாய்ந்திருக்கிறது. சுவர் விழுந்திருக்கும். படகுக்கு வழியில்லை, சுழல் என்கிறார்கள். படுகைத் தெரு ஜனங்கள் இப்போது என்னைத் திட்டவில்லை. எனக்கு முதலில் கஞ்சி ஊற்றினார்கள். ஆரவல்லி ஊற்றினாள். குடிக்க முடியவில்லை.

ஐப்பசி 24, ஞாயிறு

மருதையைக் கொண்டுவந்தார்கள்.

முனியம்மாவிடம் யார் போய்ச் சொல்வது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போனேன். வாயைத் திறந்தேன். என்ன செய்வேன், என் வாய்க்குத் தெரிந்தது அதுதான். தெரு ஆடுகளையெல்லாம் காப்பாற்றத்தான் அவன் நின்றான் என்றேன். ஒவ்வொரு ஆடாகத் தூக்கி மேடைமேல் விட்டான், கடைசிக் குட்டியைக் கையில் பிடித்தபடி இருந்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிள்ளைகள் இரண்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஐப்பசி 29, வெள்ளி

வீடு முழுக்க வண்டல். பாக்கியமும் நானும் வாரி வாரிக் கொட்டுகிறோம். தட்டுமுட்டெல்லாம் வாசலில்.

படுகைத் தெரு முனையில் மருதைக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். அவன் படம், பக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி. ஆடுகளைக் காக்க உயிர் தந்த மாவீரன் என்று எழுதியிருக்கிறது. நான் சொன்னது எதையும் இந்த ஊர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

மதி வந்திருந்தாள். நிரந்தரப் பதவி இல்லை என்று ஆகிவிட்டது. அதைப் பற்றி அவள் பேசவில்லை, தங்கைதான் போனில் சொன்னாள். திருத்திய அறிக்கையை முடிக்கும் வரை வைத்திருப்பார்களாம். வண்டல் நாற்றத்தில் பாக்கியம் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு பத்தியைப் படித்துக் காட்டினாள். திருப்பணியின்போது தூண் ஆழமாக நடப்பட்டதால் பிழை நேர்ந்தது என்று இருந்தது. நடப்பட்டது என்றால் யார் நட்டது, அது தானாக நட்டுக்கொண்டதா என்று கேட்டேன். பெயரைப் போடு என்றேன். போட்டால் போட்டதுதான் மாமா, ரொம்ப வருஷம் இருக்கும் என்றாள். இருக்கட்டும்.

அவளுக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும் ஒரு ஆள் ஏன் கிளம்பாமல் நிற்கிறான் என்பதை இனிமேல் திட்டம் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அடுத்த வெள்ளத்தில் அப்படி ஒருவனை எப்படிக் கிளப்புவது என்று யோசிக்க அது உதவுமாம். மிஷினை என் முன்னால் வைத்தாள்.

"மருதை ஏன் வரல மாமா? ஆட்டுக்காகவா?"

பாக்கியம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் மருதையின் பிள்ளைகளுக்கு அந்த பேனரும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

கார்த்திகை 10, திங்கள்

காலையில் முனியம்மா வீட்டுக்குப் போனேன். அரசு கொடுத்த தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. நான் நின்றுகொண்டே சொன்னேன். ஆட்டுக்காக இல்லை, என் பேச்சை நம்பித்தான் நின்றான் என்று. எனக்கே என் குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ண்ணே. நான் லாரில ஏறும்போது என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. தில்லை அண்ணன் கோட்டுக்கு மேல வராதுடி, நீ வேணா போன்னாரு."

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். என்னை அடிக்கக்கூட இல்லையே என்றேன். அவள் அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"உங்களை அடிச்சி எனக்கு என்ன ஆவுது. அந்தப் பொண்ணுகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. நாளைக்கு இன்னொருத்தி புருசன் இப்படி உக்காந்துக்கக் கூடாது. ஊருல மட்டும் ஆட்டுக் கதையையே சொல்லுங்க. என் புள்ளைங்க அதைச் சொல்லித்தான் இப்ப தூங்குது. நல்லாச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்."

மதியிடம் போய்ச் சொன்னேன். மிஷினில் சிவப்பு விளக்கு எரிய, கொஞ்ச நேரத்திலேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதானா மாமா என்றாள். அவ்வளவுதான் என்றேன். பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என் கைக் கொப்புளத்தைப் பார்த்து மருந்து போடச் சொன்னாள்.

சாயங்காலம் டீக்கடை திறந்திருந்தது. வண்டல் வாரிய ஆட்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், அவற்றோடு மருதையின் பெரியவன். மருதை கதையைச் சொல்லுங்க என்று யாரோ கேட்டார்கள். இன்று ஒருவருக்கும் வேலை வரவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

சொன்னேன். தண்ணீர் படியேறியதைச் சொன்னேன். முதல் ஆட்டை அவன் தோளில் போட்டதைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பெரியவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பெஞ்சில் மருதை உட்காருகிற மூலைப் பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை.

கடைசிக் குட்டிக்குப் பெயர் இருந்ததா என்று பெரியவன் கேட்டான். இருந்தது என்று சொல்லி, ஒரு பெயர் வைத்தேன்.